சின்னப்பொண்ணு இருந்த ஒரு பொழுது

1

போன வாரம் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணை அழவைத்துவிட்டேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அங்கே போய் வாயைத் திறந்து காட்ட வேண்டும். டாக்டர் விரலை விட்டுக் கன்னத்தைத் தடவுவார், கழுத்தை அமுக்கிப் பார்ப்பார், "குட்" என்பார். நான் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த ஐந்து வருஷத்தில் அங்கிருக்கும் சீன நர்ஸுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தமிழ் பேசும் நோயாளி யாராவது புதிதாக வந்தால் என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, "டீச்சர், யூ டாக்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நானும் பேசுவேன். வாய்ப்புண்ணோடு எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது, கரண்ட் வைக்கும்போது வலிக்குமா என்பதையெல்லாம் டாக்டரைவிட நான் நன்றாகச் சொல்வேன்.

போன வாரம் வந்தவள் ஒரு தோட்டத்துப் பெண். முப்பது வயது இருக்கும். புது வைத்தியத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக வேண்டிக்குங்க அக்கா" என்றாள்.

கையை உருவிக்கொண்டேன். "வேண்டிக்க மாட்டேன். நீயும் யாருக்காகவும் எதையும் வேண்டித் தொலைக்காதே. போய் ரெண்டு முட்டையை அவிச்சுத் தின்னு" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. வகுப்பறைத் தொண்டை, வேறு எப்படி வரும்? அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "வை சோ ரூட்மா?" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. வராது என்ன, பேசமாட்டாள். தமிழ் டீச்சர் மகளே தமிழ் பேசமாட்டாள் என்பதை ஊருக்கு எழுதும்போது மறைத்தா வைக்க முடியும்? அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் சின்னப்பொண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை இங்கே யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. இந்தத் தை மாதத்தோடு எனக்கு மதராஸ் ஆஸ்பத்திரிக் கார்டு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு அந்தப் புதுக்கோட்டை பஸ் ரூட்டாவது தெரியும்.

2

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. விராலிமலையிலிருந்து நாகப்பட்டினம் போய் மலேயாவுக்குக் கப்பல் ஏறினேன். கணவருக்கு இங்கே ரயில்வேயில் குமாஸ்தா வேலை. எனக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பாடம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் வெற்றிலையும் புகையிலையும். இடது கன்னத்தில் ஒரு உருண்டை அடக்கிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லித்தரும் டீச்சரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பதினாலு வருஷம் கழித்து அதே இடத்தில் புண் வந்தது. புற்று என்றார்கள். கன்னத்தையும் தாடை எலும்பையும் வெட்டி எடுக்கலாம், பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் இங்கிருந்த டாக்டர். பேச்சு இல்லாத டீச்சரை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்? அப்போதுதான் கணவரின் நண்பர் ஒருவர், மதராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் கோபால்ட் என்று புது மெஷின் வந்திருக்கிறது, கத்தி வைக்காமலே கரண்ட் வைத்துப் புண்ணை ஆற்றுகிறார்கள் என்று சொன்னார். அது கரண்ட் இல்லை, கதிர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் எங்களுக்கு அது கரண்ட்தான்.

நான் வைத்திருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருவது. திரும்பி வருவதற்கு ஒரு பெர்மிட் வாங்க வேண்டும், அதில் குறித்த தேதிக்குள் திரும்பாவிட்டால் மறுபடியும் உள்ளே விடமாட்டார்கள். பையனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. அவர்கள் இங்கே, நான் அங்கே என்று ஆகிவிடும். அந்தத் தேதியைத் தலைக்குள் எழுதிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

மதராஸில் பாரம் நிரப்பச் சொன்னார்கள். சொந்த ஊர் என்ற இடத்தில் "விராலிமலை, புதுக்கோட்டை சமஸ்தானம்" என்று எழுதினேன். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து, "எந்தக் காலத்திலம்மா இருக்கீங்க? திருச்சி ஜில்லான்னு எழுதுங்க" என்றார். அடித்து எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று வேறு பாரம் தந்தார். கடைசியில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். காத்திருப்பவர்கள் நிறைய. முறை வரும்போது தபாலில் கார்டு வரும். அதுவரைக்கும் வாரா வாரம் வியாழக்கிழமை புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் புண்ணைக் காட்டி, ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் நூற்றுக்கு எழுபது இருந்தால்தான் கரண்ட் வைப்பார்கள். குறைந்தால் கார்டு வந்தும் புண்ணியமில்லை.

விராலிமலையில் என் தங்கை வீட்டில் வந்து உட்கார்ந்தேன். பெட்டியை அவிழ்க்கவே மனம் இல்லை.

3

முதல் வியாழக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு முன்பாகவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டு ஆச்சி. பெயர் சிகப்பி. ஐம்பது வயது, வைரத்தோடு, கையில் தூக்குச்சட்டி. இன்னொருத்தி கறுத்து மெலிந்தவள், முப்பத்தைந்து வயது. ஆச்சி பெஞ்சில் இருக்கிறார் என்பதற்காக அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். குடுமியான்மலையிலிருந்து அன்னவாசல் வரைக்கும் நடந்து வந்து பஸ் ஏறுகிறவள். ரோட்டுக்குச் சல்லி உடைக்கிற வேலை. அவள்தான் சின்னப்பொண்ணு. மூன்று பேருக்கும் ஒரே வியாதி, ஒரே காரணம். ஆச்சிக்குக் கீழ் உதட்டுக்குள், அவளுக்கு ஈறில், எனக்குக் கன்னத்தில்.

"நீங்க எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்பதுதான் ஆச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"இடது பக்கம்."

"நான் முன்னால. இவ ரெண்டு பக்கமும். வேலை செய்யுறவ இல்லியா, அதான் ரெட்டைப் படி" என்று சின்னப்பொண்ணைக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புண் வாயோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் சிரிப்பு வந்தது. மலேயாவை விட்டுக் கிளம்பின பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

"புள்ள, மேல வந்து உக்காரு. வியாதிக்கு என்ன மேல கீழ?" என்று ஆச்சியே அவளைக் கூப்பிட்டார். இரண்டாவது வாரம்தான் அவள் ஏறி உட்கார்ந்தாள், அதுவும் நுனியில்.

டாக்டர் புகையிலையை அடியோடு விடச் சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். மூன்று மணி ஆனால் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். ஆச்சிக்குத் தூக்கம் போய்விட்டது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வியாழக்கிழமை வந்ததும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி ஊத வேண்டும். வாடை அடித்தால் அன்றைக்கு அவளோடு யாரும் பேசக் கூடாது. கம்பவுண்டர் எங்களுக்குப் "புகையிலைக் கட்சி" என்று பெயர் வைத்தார். ஒரு வாரம் ஆச்சி மாட்டிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பாவம், ஒரு மணி நேரம் தாங்கினார். "அடி பாவிங்களா, வையவாச்சும் செய்ங்களேன்" என்று அழுதுவிட்டார். அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

டாக்டர்கள் புண்ணைப் பார்த்தார்கள். பயத்தை நாங்கள்தான் ஒருத்திக்கு ஒருத்தி பார்த்துக்கொண்டோம். கரண்ட் வைத்தால் முகம் கருகிவிடுமாமே, பல்லெல்லாம் கொட்டிவிடுமாமே, போனவர்கள் திரும்பவில்லையாமே என்று ஊரில் கேட்டதையெல்லாம் அந்தப் பெஞ்சில் கொட்டிவிடுவோம். நான் டீச்சர் இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். பாதி எனக்கே தெரியாத பதில்.

4

ரத்தம் எனக்கு எழுபத்தைந்து, ஆச்சிக்கு எண்பது. சின்னப்பொண்ணுக்கு ஐம்பத்தெட்டு. கட்சிக்கு அதுதான் கவலை.

"இவளுக்கு ஏத்துறோம் பாருங்க" என்று ஆச்சி கச்சை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வியாழக்கிழமை தோறும் தூக்குச்சட்டியில் ஆட்டு ஈரலை வேகவைத்து, மிளகாய் படாமல் மசித்துக் கொண்டுவருவார். நான் முட்டையும், பாலில் ஊறவைத்த பேரீச்சம்பழமும் கொண்டுபோவேன். சின்னப்பொண்ணு இரண்டையும் வழித்து நக்கிவிடுவாள். அவள் தின்பதைப் பார்க்க எங்களுக்கு ஆனந்தமாக இருக்கும். வீட்டுக்கும் கேழ்வரகு மாவு, கருப்பட்டி, முருங்கைக்கீரை என்று கொடுத்தனுப்புவோம். "வேளா வேளைக்குத் தின்னணும், தெரியுதா?" என்று மிரட்டுவேன். "சரிங்க டீச்சரம்மா" என்பாள்.

அறுபது ஆனது. பிறகு ஐம்பத்தாறு ஆனது. ஈரலைத் தின்றவளுக்கு எப்படி இறங்கும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

நானும் அந்தச் சமயத்தில் சரியாக இல்லை. பெர்மிட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பையன் எழுதின கடிதத்தில் பாதி இங்கிலீஷ், கடைசியில் "அம்மா சீக்கிரம் வா" என்று மட்டும் தமிழ். தங்கை வீட்டில் காய்கறி வாங்கப் "பசாருக்குப் போயிட்டு வாரேன்" என்று நான் மலாய்ப் பேச்சில் சொன்னால் தெருவே சிரித்தது. ஊருக்கு வந்தால் மலேயாக்காரி, மலேயாவுக்குப் போனால் சிவப்புக் கார்டு. சின்னப்பொண்ணுக்கு ரத்தம் அறுபது வந்த வியாழக்கிழமை, பெஞ்சில் உட்கார்ந்தபடி உடைந்து அழுதுவிட்டேன். "கார்டு வராமலே போயிடும். என் புள்ளைகள நான் பாக்க மாட்டேன். எனக்காக வேண்டிக்க சின்னப்பொண்ணு" என்றேன்.

யாரும் சொல்கிற வார்த்தைதான். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரிடம் தினமும் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துபோகிறோம். நானும் மறந்துவிட்டேன்.

5

தை மாதம் எனக்குக் கார்டு வந்தது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கூப்பிட்டுச் சொன்னார். ஆச்சிக்கும் அதே வாரம் வந்திருந்தது. அந்த வியாழக்கிழமை புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறியபோது, சின்னப்பொண்ணுக்கும் வந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் போல இருந்தது. வந்திருந்தது. அன்னவாசலில் ஏறும்போதே கையை உயர்த்திக் காட்டினாள். சம்மதப் பாரத்தில் கைரேகை வைப்பதற்காக அவள் புருஷன் ஆறுமுகமும் கூட வந்தார்.

ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டு.

டாக்டர் அவள் கார்டை வாங்கி மேஜையில் வைத்தார். "இந்தத் தடவை அனுப்ப முடியாதும்மா. அங்கே போனாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. ரத்தம் ஏறட்டும், திரும்ப எழுதிப் போடுறேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. விதி அப்படி இருந்தது.

நான் கத்தினேன். "மூணு மாசமா ஈரலும் முட்டையுமா குடுத்தோமே, என்னத்தடி செஞ்சே? வித்துட்டியா?"

அவள் குனிந்துகொண்டாள். ஆறுமுகத்துக்குத் தாங்கவில்லை. "இவ எங்கிட்டுங்க தின்னா? இங்கன வந்தாத்தான் தின்பா. மத்த நாளெல்லாம் ஒரு பொழுதுதான். அதுவும் கஞ்சித் தண்ணி. வெள்ளிக்கிழமை கிருத்திகைன்னா அதுவும் இல்ல" என்றார்.

"ஏன்?"

"சொல்லாதீங்க" என்றாள் சின்னப்பொண்ணு. வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவள் எண்ணம்.

அவர் சொல்லிவிட்டார். "டீச்சரம்மாவுக்குக் கார்டு வரணும், கொரலு போகாம கப்பல் ஏறி அவுக புள்ளைகிட்டப் போகணும்னு மலை முருகனுக்கு வேண்டிக்கிட்டா. அவுக கப்பல் ஏறுற வரைக்கும் ஒரு பொழுதாம். டீச்சரம்மாதான் வேண்டிக்கச் சொன்னாகளாம்."

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். கட்டியவருக்கும் அது தெரியும், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு அது முழுசாக வந்தது. "அறிவிருக்கா ஒனக்கு? கார்டு நம்பர்படி வந்துச்சு. ரெஜிஸ்தர்ல என் பேரு இருந்துச்சு, வந்துச்சு. நீ பட்டினி கெடந்ததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. வீணாக் கெடந்து ஒன் உசுரக் கெடுத்துக்கிட்டே" என்று வராண்டாவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். ஆச்சிதான் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "போதும் டீச்சர். நாக்குல புண்ணு இல்லேங்கிறதுக்காக இப்புடியா?" என்றார்.

6

எங்களுக்கு ரயில் திங்கட்கிழமை. சின்னப்பொண்ணின் விரதம் முடிய வேண்டுமென்றால் நான் கப்பல் ஏற வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அவள் ஐம்பதுக்கும் கீழே போய்விடுவாள். சாப்பிடு என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்பது தெரிந்துவிட்டது. வேண்டுதலை அவிழ்க்க வேண்டுமென்றால் வேண்டிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை அவளை விராலிமலைக்கு வரச்சொன்னேன். எங்கள் மலை முருகனுக்குச் சாயங்காலப் பூஜையில் சுருட்டு வைத்துப் படைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நான் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கினேன். கடைக்காரர், "டீச்சரம்மா, மறுபடியுமா?" என்றார். "ஒம்ம வேலையப் பாரும்" என்றேன்.

படி ஏறும்போது நாலு படிக்கு ஒரு தடவை அவள் உட்கார்ந்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"முடியாத வேண்டுதல எப்புடிங்க முடிக்கிறது? சாமி கோவிச்சுக்கும்ல?" என்றாள்.

"எனக்காகத்தானே வேண்டினே? மிச்சத்த நானே எடுத்துக்கிறேன். என் ஒரு பொழுத நானே இருந்துக்கிறேன். நீ தின்னு."

"நெசமாவா? ஒங்களுக்குக் கரண்டு வைக்கிறப்போ...?"

"நெசமாத்தான்."

சந்நிதியில் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "யாருக்காக வேண்டினாளோ அவாளே வந்து கேட்டா சரிதான், சத்தமாச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். இந்தப் பெண் இருந்த ஒரு பொழுதை ஒப்புக்கொள், மீதியை நான் இருக்கிறேன், இவளை விட்டுவிடு என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பது போலத் தெளிவாகச் சொன்னேன். ஒரு நாள்கூட இருக்கப்போவதில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். மதராஸில் பட்டினி கிடந்தால் என் ரத்தம் இறங்கிவிடும், என்னையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாமியிடம் நான் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பூஜை முடிந்து பிரசாதமாக இரண்டு சுருட்டைக் கையில் கொடுத்தார்கள். புகையிலைக் கட்சிக்காரிகள் இரண்டு பேர், கையில் ஆளுக்கொரு சுருட்டு! பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கீழே போடவும் முடியாது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் வாய் ஊறியது. சின்னப்பொண்ணு அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு தடவை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அடிவாரத்தில் பஸ் கண்டக்டரிடம் இரண்டையும் கொடுத்து, "சாமி பிரசாதம்" என்றோம். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு காதில் செருகிக்கொண்டார்.

தங்கை வீட்டில் அவளை உட்காரவைத்து, குழையக் குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். இருட்டும் முன்னால் பஸ் ஏற்றிவிட்டேன். மறுபடி எப்போது பார்ப்போம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

7

மதராஸில் ஆறு வாரம். அதைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. மேஜையில் படுக்கவைத்து, மெஷினை முகத்துக்கு நேராக நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். வலிக்காது. மூன்றாவது வாரத்திலிருந்து எச்சில் நின்றுவிடும், ருசி போய்விடும், கழுத்துத் தோல் உரியும். ஆச்சியும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவர் ஒருநாள் "இனிமே உப்பு இல்லாமச் சமைச்சாலும் எவளும் மாட்டிக்க மாட்டா" என்றார்.

தினமும் நான் வாசலைப் பார்த்தேன். ஊர்ப் பக்கத்திலிருந்து புது நோயாளிகள் வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஐந்தாவது வாரம் அவள் வந்தாள். ரத்தம் எழுபத்தொன்று என்று எழுதின சீட்டைக் கையிலேயே பிடித்திருந்தாள். தின்றிருக்கிறாள்! நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். ஈறில் இருந்தது வெளியே தாடைக்கு வந்துவிட்டது. கழுத்தில் கட்டி.

பெரிய டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு வெளியே வந்தபோது, நான் விடாமல் பின்னாலேயே போய்க் கேட்டேன். "கரண்ட் வைப்போம். வலி குறையும். முதல் கார்டுக்கே வந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்" என்றார்.

அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு வைத்தியம் முடிந்து, கப்பலுக்கு இருந்தது பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவள் கட்டிலருகே இருந்தேன். மெஷின் ஓடும்போது மனதுக்குள் ஏதாவது எண்ணிக்கொண்டிருந்தால் பயம் தெரியாது என்று சொன்னேன். அவளுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியவில்லை. இருபது வரைக்கும் தெரியும். இருபதை எத்தனை தடவை எண்ண வேண்டும் என்று விரலில் காட்டினேன். மதராஸை விட்டுக் கிளம்பிய அன்று, "டீச்சரம்மா, கொரலு நல்லாருக்குங்க" என்றாள். உண்மையில் என் குரல் ஓட்டைப் பானை மாதிரிக் கரகரத்தது. இன்றைக்கும் அப்படித்தான், ஆனால் பேச வருகிறது. பெர்மிட் தேதிக்கு நாலு நாள் முன்னதாகப் பினாங்கில் இறங்கினேன்.

8

பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். ஆச்சி கடிதம் போடுவார். புண் ஆறி, இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். சின்னப்பொண்ணுக்கு எழுத்துத் தெரியாது. என் தங்கை எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு எழுதுவாள்: வேலைக்குப் போகவில்லை, திரவமாகத்தான் சாப்பிடுகிறாள், வலி இருக்கிறது.

ஒன்பது மாதம் கழித்து சின்னப்பொண்ணே போட்ட கடிதம் வந்தது. அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு ஆறுமுகத்தை அனுப்பி, டைம் கீப்பரிடம் சொல்லி எழுதவைத்திருக்கிறாள். நலம், நலமறிய ஆவல் என்று அவர் தன் பாணியில் தொடங்கியிருந்தார். நாலாவது வரியிலிருந்து அவள் பேச்சு:

"டீச்சரம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஒரு பொழுது இருந்ததுக்கும் ஒங்க கார்டு வந்ததுக்கும் சம்பந்தம் இல்லேன்னு சொன்னீங்க. வீணுன்னு சொன்னீங்க. நான் படிக்காதவ, ஒங்களுக்குத்தான் தெரியும். நெசமா வீணாங்க? இப்பச் சும்மா படுத்தே கெடக்கேன், அதே நெனப்பா இருக்கு. பதில் போடுங்க."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். மூன்று தாளைக் கிழித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை எழுத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கோடு நேராக வரவில்லை. பையன் வந்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டான். அவனுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது. வாசித்துக் காட்டினேன். "பட் தட்ஸ் நாட் ட்ரூ, அம்மா" என்றான். பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டுப் போன அவனிடம் நான் திரும்பி வந்திருக்கிறேன் என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. "நீ போய்ப் படி" என்று அனுப்பினேன்.

நான் எழுதினது இவ்வளவுதான்:

"சின்னப்பொண்ணு, அன்று நான் கோபத்தில் சொன்னது தப்பு. நீ இருந்த ஒரு பொழுதால்தான் எனக்குக் கார்டு வந்தது. அதனால்தான் குரல் இருக்கிறது. அதனால்தான் இப்போது என் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீண் இல்லை."

தங்கைக்கு அனுப்பி, நேரில் போய் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் பஸ்ஸில் போய், அன்னவாசலிலிருந்து நடந்து, பாயில் கிடந்த சின்னப்பொண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். மறுபடி வாசிக்கச் சொன்னாளாம். மூன்றாவது தடவை முடிந்ததும், "அப்பச் சரி" என்றாளாம். அதற்கு முந்தின இரண்டு நாளாக ஆறுமுகம் எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்காமல் கிடந்தவள், தலையைத் தூக்கி, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாளாம். ஒரு கிண்ணம் முழுக்கக் குடிக்க ஒரு மணி நேரம் ஆனதாம். மீதி வைக்கவில்லையாம்.

அந்த வாரக் கடைசியில் அவள் போய்விட்டாள்.